நான் மட்டும்

பகல் சாப்பாட்டின் நடுவில் றிஸ்கான் இடக்கையால் போனைத் தூக்கிப் பிடித்து, "எல்லாரும் கொஞ்சம் இதக் கேளுங்க" என்றான். அவன் அப்படிச் சொன்னால் அந்த வீட்டில் யாரும் சோற்றை விட்டு நிமிர்வதில்லை. கண்டி வீதியோரம் மிளகும் கராம்பும் கறுவாவும் விற்கிற ஒரு கடையை வைத்துக்கொண்டு, உலகத்தில் புதிதாக வருகிற எதையும் முதலில் உக்குவளைக்குக் கொண்டுவருவது தன் பொறுப்பு என்று நினைக்கிறவன் அவன். போன தடவை பறக்கும் கமரா. அது கடைக்குப் பின்னால் நிற்கும் பலாமரத்தில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. இந்தத் தடவை, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற செயற்கை நுண்ணறிவு. தோட்டங்களில் வேலைக்காரர்களுக்குப் பேர் பதிகிறவரை அழைப்பதுபோல அதற்குக் 'கணக்கப்புள்ள' என்று பேர் வைத்திருந்தான். கடையின் பேஸ்புக் பக்கத்துக்கு வருகிற கேள்விகளுக்கு இப்போது அதுதான் பதில் எழுதியது.

"கொழும்புல ஒரு நோனா மெளகு ஏன் இன்னும் வரல்லன்னு ஏசி எழுதியிருந்தாங்க. கணக்கப்புள்ள குடுத்திருக்கிற பதிலப் பாருங்க" என்று வாசித்தான். "இங்கே விடாமல் மழை. எங்கள் வீட்டுத் தகரத்தோடு மழைக்கு என்ன கோபமோ தெரியாது, ஊரில் வேறு கூரையே இல்லாததுபோல இதையே அடிக்கிறது. மிளகு காயட்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்."

உம்மா நூருன்னிஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒனக்கு இப்பிடியெல்லாம் எழுத வருமா?"

"நான் எழுதினதப் படிச்சுத்தானே உம்மா அது என்னய மாதிரிப் பேசுது. என்ட பேஸ்புக்ல ஆரம்பத்துல இருந்து போட்ட எல்லாத்தையும் எறக்கி அதுட ஞாபகத்துல ஏத்தி வச்சிருக்கேன். ஒண்ணு விடல்ல. இப்ப அது அரைவாசி றிஸ்கான்."

தங்கச்சி மபாஸாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. தகரத்தோடு மழைக்கு என்ன கோபமோ என்று எழுதியது றிஸ்கான் இல்லை. அவன் மழையைப் பார்த்து வாழ்நாளில் சொன்ன ஒரே வார்த்தை, மிளகை உள்ளே எடுங்கள் என்பதுதான். அதை எழுதியவள் அவள். எழுதியது அவனுடைய கணக்கில்.

அந்த வீட்டில் பேஸ்புக் என்றால் ஒன்றுதான், அது றிஸ்கானின் பேரில் இருந்தது. பொம்புளப் புள்ளைக்குத் தனிப் பேரில் என்னத்துக்கு, அண்ணன்தான் இருக்கிறானே, வேண்டியதை நானாவின் கணக்கில் பார்த்துக்கொள்ளட்டும் என்று வாப்பா ஜைனுதீன் என்றைக்கோ சொன்னது சட்டமாகிவிட்டது. உக்குவளையில் அப்படி எத்தனையோ வீடுகள். ஒரு ஆணின் பேரும் படமும் முன்னால் இருக்கும், பின்னால் அக்காவும் தங்கச்சியும் மச்சியும் மாறி மாறி உட்கார்ந்து சமையல் குறிப்பும் சாரி டிசைனும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொரோனாக் காலத்தில் படிப்புக்கென்று றிஸ்கானின் பழைய போன் மபாஸாவிடம் வந்தபோது அவனுடைய கணக்கும் அதோடு திறந்தபடியே வந்தது. அவன் புதுப் போனுக்குப் போய்விட்டான், பிறகு கடைப் பக்கத்தோடே கிடந்தான். தன்னுடைய சொந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனான்.

ஒருநாள் அவள் அதில் ஒரு வரி எழுதினாள். யார் பார்க்கலாம் என்று அது கேட்டது. கீழே கீழே தள்ளிப் பார்த்தபோது கடைசியில் 'நான் மட்டும்' என்று இருந்தது. அதைத் தொட்டாள். அதற்கும் மேல் ஒரு கெட்டித்தனம் செய்தாள். எழுதியதன் திகதியை 2009 என்று மாற்றி வைத்தாள். அப்போது அது எல்லாவற்றுக்கும் அடியில் போய்க் கிடந்தது. தன் பக்கத்தின் அடிமட்டம் வரை யார் இறங்கிப் பார்க்கப் போகிறார்கள்? அதன்பிறகு மனது நிறைகிற நாளெல்லாம் அங்கே போய் எழுதிவிட்டு வந்தாள். மழையைப் பற்றி, உம்மாவின் மூட்டுவலியைப் பற்றி, முக்கியமாக அந்த வீட்டில் யாரும் பேர் சொல்லாத ஒன்றைப் பற்றி.

அது வலிப்பு. ஏஎல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் முதல்முறை வந்தது. மாத்தளை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காட்டி, காலையும் இரவும் குளிசை போட்டு, இப்போது நாலு வருடமாக வரவில்லை. ஆனால் பேச்சில் வந்தது. அக்குறணையிலிருந்து வந்த முதல் சம்பந்தத்தில் உம்மா உள்ளதை உள்ளபடி சொன்னார், அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். இரண்டாவது சம்பந்தத்துக்கு யாரோ போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. "கேட்டாச் சொல்லுவோம். கேக்காட்டி நாமளாப் போய் என்னத்துக்குச் சொல்லணும்?" என்றார் உம்மா. யாரும் மபாஸாவிடம் கேட்கவில்லை.

இப்போது மூன்றாவது. மாத்தளை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற அப்துல் ஸமத்தின் மகன் ஸுஹைல், கணக்கு வாத்தியார். பெரியவர்களின் சம்மதத்தோடு ஒரேயொரு தடவை அவளோடு போனில் பேசினார். "ஒங்களுக்கு மேல படிக்க ஆசையா?" என்று கேட்டார். அவளுக்குப் பதில் வரவில்லை. மற்றவர்கள் என்றால் அந்த இடைவெளியில் தாங்களே ஒரு பதிலைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். அவர் பேசாமல் காத்திருந்தார். லைனில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில் அவள் "ஆசைதான்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், இந்தச் சம்பந்தம் மட்டும்தான் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

அன்று பின்னேரம் அவள் பழைய போனை எடுத்துக்கொண்டு குசினிக்குப் பின்னால் போனாள். கணக்கின் அடிவரை இறங்கி, ஒன்றொன்றாக அழித்தாள். அழிக்குமுன் சிலதை வாசித்தாள். உக்குவளை ஸ்டேஷனில் விழுந்த நாள். கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் சனம், றிஸ்கான் தன் சட்டையைக் கழற்றி அவள்மேல் போர்த்திவிட்டு, தங்கச்சி நோன்பு, அதுதான் தலைசுற்றி விழுந்துவிட்டாள் என்று சிங்களத்தில் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தான். நோன்பு முடிந்து எத்தனையோ மாதம். ஆனாலும் எல்லோரும் நம்பினார்கள், ஒரு அம்மா தண்ணீர்ப் போத்தலைத் தரப்போய், நோன்பு என்பது ஞாபகம் வந்து திரும்ப வைத்துக்கொண்டார். அவளுக்கு நாக்கு வறண்டு கிடந்தது. அன்றைக்கு எழுதியிருந்தாள்: 'நானா நல்லாப் பொய் சொல்றாரு. எனக்காகத்தான் சொல்றாரு. ஆனா ஒவ்வொரு பொய்யிலயும் நான் கொஞ்சம் காணாமப் போறேன்.'

அதையும் அழித்தாள்.

மறுநாள் காலை கடையில் அவள் ஏலக்காய்ப் பக்கெட்டுகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தபோது, றிஸ்கான் யாரோ ஒரு வாடிக்கையாளருக்குக் கணக்கப்புள்ள எழுதியதை வாசித்துக் காட்டினான். அதில் மறுபடியும் அவளுடைய வரி ஒன்று இருந்தது. உம்மாவின் முழங்காலுக்கு வானிலை அறிக்கையைவிட முன்னால் மழை தெரியும் என்ற வரி. பேஸ்புக்கில் அழித்தது பேஸ்புக்கில்தான் அழிந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அள்ளிக்கொண்டு போனது போனதுதான். 'நான் மட்டும்' என்று அவள் போட்ட பூட்டுக்கு, அந்தக் கணக்கின் சொந்தக்காரன் றிஸ்கான் என்பதால், 'நான்' என்றால் றிஸ்கான்.

"நானா, அதுட ஞாபகத்த அழிக்க ஏலாதா?"

"ஏலும். ஏன் அழிக்கணும்? இப்பத்தான் புள்ள அது சோக்கா எழுதுது."

"இல்ல... சும்மா கேட்டேன்."

சொல்லியிருக்கலாம். என் எழுத்து அதற்குள் இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவன் அதை வாசிப்பான். தன் பொய்யைப் பற்றி அவள் எழுதியதை வாசிப்பான். அவளுக்காகக் கிளினிக் வாசலில் விடிய விடிய இலக்கம் எடுக்கக் காத்து நின்றவன் அவன். அவன் முகம் என்னவாகும் என்று நினைத்ததும் அடுத்த பக்கெட்டை எடுத்து லேபல் ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமை முடியட்டும், பிறகு சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே ஒரு தவணை போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். ஸுஹைலும் மற்ற ஆண்களும் ஹோலில் உட்கார்ந்தார்கள், ஸுஹைலின் உம்மா பீபி உள்ளே வந்து கட்டிலில் மபாஸாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹோலுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். பீபி நல்ல மனுஷி. வந்ததும் வராததுமாக முகத்தைத் திருப்பிப் பார்ப்பது, முடியை அளப்பது எல்லாம் இல்லை. "கை இப்பிடிக் குளுந்து போயிருக்கே புள்ள" என்று மட்டும் சொல்லி அவளுடைய கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். நூருன்னிஸா பட்டிஸ் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். ஒன்று எடுத்தால் இன்னொன்று எடுங்கள் என்றார். அதிகம் பேசினால் கேள்வி வந்துவிடும் என்ற பயம், பாவம்.

மபாஸாவின் காது முழுக்கத் திரைக்கு அப்பால் இருந்தது. வாப்பா மிளகு விலையைப் பற்றிச் சொன்னார். அப்துல் ஸமத் சீமெந்து விலையைப் பற்றிச் சொன்னார். பிறகு அவர், "தம்பி, ஒங்கட கடைல ஏதோ ஏஐ ஒண்ணு வச்சிருக்கீங்களாமே. மகன் சொன்னான். நம்மட கடைக்கும் சரிவருமா?" என்று கேட்டார்.

வேண்டாம் நானா, வேண்டாம் என்று மனதுக்குள் சொன்னாள். றிஸ்கானிடம் யாராவது அப்படிக் கேட்டு அவன் சும்மா இருந்த சரித்திரம் இல்லை.

"கட என்ன மாமா, மனுஷனயே எடை போட்டுச் சொல்லும்" என்றான் றிஸ்கான். போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. "கணக்கப்புள்ள, இங்க ஸமத் மாமா வந்திருக்காங்க. என்னப் பத்தி ஒனக்குத் தெரிஞ்சதச் சொல்லு பாப்போம்."

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது போன். அவன் சொல்லிக்கொடுத்திருந்தான். அப்துல் ஸமத் பதில் ஸலாம் சொல்லிவிட்டு, யாருக்குச் சொன்னோம் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தார். அது புத்தகத் தமிழில், தட்டையான குரலில், நிதானமாகப் பேசியது. "றிஸ்கான் உக்குவளையில் வாசனைத் திரவியக் கடை நடத்துகிறார். கிரிக்கெட்டில் ஆர்வம் உள்ளவர். புதிய கருவிகளை விரும்புகிறார். மழையைப் பற்றி அழகாக எழுதுகிறார்."

"மழையப் பத்தியா?" என்றார் அப்துல் ஸமத். றிஸ்கான் பெருமையாகச் சிரித்தான்.

"உங்கள் உடல்நிலையைப் பற்றியும் நீங்கள் மனம்விட்டு எழுதியிருக்கிறீர்கள், றிஸ்கான். 2009ஆம் ஆண்டின் பதிவுகளில், உங்களுக்கு வலிப்பு வருவதாகவும், காலையும் இரவும் குளிசை எடுப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இதை வெளியில் சொல்லக்கூடாது என்று வீட்டில் சொல்வது உங்களுக்கு வேதனையாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்."

அறைக்குள் நூருன்னிஸாவின் கையில் தட்டு சரிந்து, ஒரு பட்டிஸ் பாயில் விழுந்தது.

"இது என்ன..." என்று றிஸ்கான் தொடங்கினான்.

"இன்னொரு பதிவில், உங்கள் நானா உங்களுக்காகப் பொய் சொல்வதைப் பற்றி..."

"நிப்பாட்டு" என்றான். குரல் மாறிப்போயிருந்தது.

றிஸ்கானுக்கு நானா கிடையாது. அவனே மூத்தவன். அந்த வீட்டில் நானா என்று கூப்பிட ஒருத்திதான் இருக்கிறாள். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. மழையை எழுதியது யார், அதன் ஞாபகத்தை அழிக்க ஏலாதா என்று கேட்டது ஏன், எல்லாம். திரையைத் தாண்டி அவன் முகத்தைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. அடுத்து அவன் என்ன செய்யப் போகிறான் என்பதும் தெரிந்தது.

"அது மாமா" என்று அவன் லேசாகச் சிரித்தான், "எனக்குச் சின்ன வயசுல பிட்ஸ் மாதிரி ஒண்ணு இருந்திச்சி. பழைய கத. அதப்போய் இது இப்ப சொல்லுது பாருங்க."

"இப்ப இல்லியா?"

"இப்ப ஒண்ணுமில்ல மாமா."

"நீங்கதானே கொழும்புக்குச் சாமான் வேன் ஓட்டுறீங்க" என்றார் அப்துல் ஸமத் மெதுவாக. அவருடைய குரலில் கோபம் இல்லை, யோசனை இருந்தது. "டொக்டர்ட கேட்டுத்தானே ஓட்டுறீங்க?"

"ஓ மாமா. எல்லாம் கேட்டுத்தான்."

நல்லாப் பொய் சொல்கிறவன் இந்தத் தடவை தன் தலையிலேயே அதை இறக்கி வைத்துக்கொண்டான். அடுத்த வருடம் அவனுக்கும் பெண் பேச இருந்தார்கள். இந்தக் கதை பின்னேரத்துக்குள் மாத்தளை டவுனுக்குப் போய்விடும், அங்கிருந்து எங்கெங்கோ போகும், வேனைக் கண்டால் ஆட்கள் ஒதுங்குவார்கள். அது எல்லாம் அவனுக்குத் தெரியாமலா? ஸ்டேஷனில் சட்டையைக் கழற்றின மாதிரி யோசிக்காமல் கழற்றிப் போர்த்திவிட்டான். மபாஸாவுக்கு அவன்மேல் பாசமும் வந்தது, அவனைப் பிடித்து உலுக்கவேண்டும் என்ற ஆத்திரமும் வந்தது.

பேசாமல் இருந்தால் போதும். அவள் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லத் தேவையில்லை. இருந்த இடத்தில் இருந்தால் போதும், நிகாஹ் நடந்துவிடலாம்.

பீபி அவள் கையை விடவில்லை. குரலைத் தாழ்த்தி, நூருன்னிஸாவைப் பார்த்து, "அல்லாஹ்வே, தம்பிக்கா? இந்தப் புள்ளைக்கு அப்பிடி ஒண்ணும் இல்லதானே?" என்று கேட்டார். குற்றம் பிடிக்கிற கேள்வி இல்லை. தாய் ஒருத்தி இன்னொரு தாயிடம் கேட்கிற கேள்வி.

கேட்டாச் சொல்லுவோம். உம்மா சொன்னதுதானே அது. மபாஸா உம்மாவைப் பார்த்தாள்.

நூருன்னிஸா பாயில் கிடந்த பட்டிஸைக் குனிந்து எடுத்தார். எடுத்துத் தூசி தட்டினார். "இல்ல... அவனுக்குத்தான்" என்றார், பட்டிஸைப் பார்த்தபடி.

மபாஸா பீபியின் கைகளுக்குள்ளிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கூப்பிடாமல் பெண் ஹோலுக்குப் போவது வழக்கம் இல்லை. நூருன்னிஸா அவளுடைய ஷோலின் தலைப்பை எட்டிப் பிடித்தார். அது தோளிலிருந்து இழுபட்டது. அவள் நிற்காமல் போனதால் அவராகவே விட்டுவிட்டார்.

திரையை விலக்கியபோது நாலு ஆண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். வாப்பா அடுத்த கணமே தலையைக் குனிந்துகொண்டார். றிஸ்கான் அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி தலையை ஆட்டினான். வேண்டாம், உள்ளே போ. எத்தனையோ தடவை அந்தத் தலையசைப்புக்கு அவள் உள்ளே போயிருக்கிறாள்.

"மாமா" என்றாள் அப்துல் ஸமத்தைப் பார்த்து. "அது நானாட இல்ல. நானா பொய் சொல்றாரு, எனக்காக. வலிப்பு எனக்குத்தான். நாலு வருஷமா வரல்ல, குளிசை போடுறேன், இனியும் போடணும். அதுல இருக்கிற எழுத்தும் என்டதான். அவர்ட பேர்ல இருந்து நான்தான் எழுதினேன்."

"மபாஸா" என்றான் றிஸ்கான். ஏசவில்லை. பேரை மட்டும் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது.

அப்துல் ஸமத் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. திரைக்குப் பக்கத்தில் பீபி வந்து நின்றார். யாராவது ஒருவர் ஏதாவது சொல்லவேண்டிய நேரம் அது. சொன்னது போன்தான். நிப்பாட்டு என்றால் பேச்சைத்தான் நிறுத்தியிருக்கிறது, கேட்பதை நிறுத்தவில்லை.

"மனம்விட்டுப் பகிர்ந்ததற்கு நன்றி, றிஸ்கான்" என்றது அதே தட்டைக் குரலில். "இதையும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்."

"நான் றிஸ்கான் இல்ல" என்றாள் அவள். "நான் மபாஸா."

அதுவரை அவளை நேராகப் பார்க்காதிருந்த ஸுஹைல் கதிரையில் முன்னால் சாய்ந்தார். கையை நீட்டி, போனைக் கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் இன்னும் ஏதாவது சொல்ல இருந்தால் சொல்லட்டும் என்பதுபோல, அன்றைக்கு லைனில் இருந்த அதே மௌனத்தோடு இருந்தார். அந்த மௌனத்தில் இந்தத் தடவை என்ன இருந்தது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. உம்மா பின்னிப் போட்ட வெள்ளை மேசைவிரிப்பின் துளைகளுக்குள் போனின் வெளிச்சம் கொஞ்சநேரம் தெரிந்துகொண்டிருந்தது.